புல்லுக்கு அடியில் தொடங்கும் அரங்கம்

கல்லூரி வளாகத்துக்குள் அமையும் கால்பந்து அரங்கத்தில் மூன்று பாகங்கள் உண்டு: ஆடுகளம், கேலரி, இவை இரண்டும் இயங்குவதற்கான வடிகாலும் விளக்கும் வழித்தடமும். இப்படியொரு திட்டம் முதலில் வெளிவருவது பெரும்பாலும் வண்ணப் படமாகத்தான். வளைந்த கூரையும் வரிசை வரிசையாக நாற்காலிகளும் படத்தை நிறைத்திருக்கும். ஆடுகளம் நடுவில் ஒரு பச்சைச் செவ்வகமாகக் கிடக்கும். சென்னையின் மேற்குப் புறநகரில், அதாவது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில், அந்தச் செவ்வகத்துக்கு அடியிலுள்ள அரை மீட்டர் ஆழம்தான் திட்டத்தின் கடினமான பகுதி.

நகரின் நடுவிலுள்ள பழைய கல்லூரிகள் பலவற்றில் இப்படியொரு யோசனைக்கே இடம் போதாது. பட்டாபிராமின் இந்துக் கல்லூரி, ஆவடியின் வேல் டெக், பூந்தமல்லியைத் தாண்டிப் பனிமலர், தண்டலத்தின் சவீதா என்று மேற்கே போகப் போக வளாகங்கள் பெரிதாகின்றன. சர்வதேச அளவுள்ள கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. பரப்பு 7,140 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். ஓடி வரும் ஆட்டக்காரர் சறுக்கி நிற்பதற்கான ஓரங்களையும் சேர்த்தால் 120க்கு 80 மீட்டர் வேண்டும். கேலரி, நடைபாதை, உடை மாற்றும் அறை எல்லாம் வந்தால் ஐந்து ஏக்கர். இந்தப் பகுதியில் அவ்வளவு நிலம் ஒரே துண்டாகக் கிடைக்கிறது என்றால், அது பெரும்பாலும் பழைய வயலாக இருக்கும். ஏரிகளின் சங்கிலி இங்கே நெருக்கமானது. அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் பக்கமுள்ள இரட்டை ஏரிக்கும் போகும். பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிக் கூவம் ஓடுகிறது. பூந்தமல்லிக்குத் தென்மேற்கே செம்பரம்பாக்கம். இந்த ஏரிகளின் ஆயக்கட்டில் நெல் விளைந்ததற்குக் காரணம், அந்த மண்ணில் தண்ணீர் நின்றதுதான். நெல்லுக்கு வேண்டிய அதே குணம் கால்பந்துக்கு ஆகாது.

பல்கலைக்கழக நிலத்தில் பெரிய கால்பந்து அரங்கம் கட்டியதற்கு அருகிலுள்ள உதாரணம் திருவனந்தபுரம் காரியவட்டத்தின் கிரீன்ஃபீல்டு அரங்கம். கேரளப் பல்கலைக்கழக வளாகத்தில் சுமார் 36 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, 2015ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. வடிவமைத்து, கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, பிறகு ஒப்படைப்பது என்ற ஒப்பந்த முறையில் தனியார் நிறுவனம் அதை எழுப்பியது. அதே ஆண்டு டிசம்பரில் தெற்காசியக் கால்பந்துப் போட்டி அங்கே தொடங்கியது. 2016 ஜனவரி 3 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்றது. இன்று அந்த அரங்கத்தின் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது கிரிக்கெட். 2017 நவம்பர் 7 அன்று இந்தியாவும் நியூசிலாந்தும் அங்கே முதல் டி20 ஆட்டத்தை ஆடின. பகல் முழுக்க மழை. ஆனாலும் இரவில் அணிக்கு எட்டு ஓவர் என்று குறைத்து ஆட்டம் நடந்து முடிந்தது. அத்தனை மழைக்குப் பிறகும் சில மணி நேரத்தில் களம் ஆடத் தயாரானது வடிகாலின் வேலை. காரியவட்டத்துக்கு இயற்கையும் துணை நின்றது. அது மேட்டு நிலம்; லேட்டரைட் எனப்படும் செம்பூரான் மண்; விழுந்த நீர் இறங்கிப் போகச் சரிவு உண்டு. பூந்தமல்லியில் அந்த வசதி கிடையாது.

காரியவட்டம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. கிரிக்கெட்டுக்கு ஏற்ற வட்டக் களத்தின் குறுக்களவு 140 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் நடுவில் 68 மீட்டர் அகலமுள்ள கால்பந்துக் களம் உட்காரும்போது இருபுறமும் 36 மீட்டர் காலியாக நிற்கும். முதல் வரிசை ரசிகருக்கே பந்து அவ்வளவு தூரத்தில். ஓடுபாதை சேர்ந்தாலும் இதே கதைதான். 1993இல் திறக்கப்பட்ட சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். 400 மீட்டர் ஓடுபாதையின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். இதற்குள் 105க்கு 68 களம் மயிரிழையில்தான் பொருந்தும்: நான்கு மூலைகளிலும் ஓடுபாதையின் உள்விளிம்புக்கு ஏறக்குறைய ஒரு மீட்டரே மிச்சம். பக்கவாட்டில் பார்வையாளர் பெரிதாக விலகுவதில்லை. ஆனால் கோல் கோட்டுக்குப் பின்னால் வளைவு 26 மீட்டர், எட்டு ஓடுபாதைகள் பத்து மீட்டர், ஆக அங்கேயும் 36 மீட்டர் இடைவெளி விழுகிறது.

கால்பந்து ரசிகர்கள் இதனால் ஓடுபாதையை வெறுப்பார்கள். ஒரு கல்லூரிக்கு அந்த வெறுப்பு கட்டுப்படியாகாது. அரங்கில் ஆண்டுக்கு இருபது முப்பது முக்கிய ஆட்டங்கள் நடக்கலாம். ஓடுபாதையில் தினமும் காலையும் மாலையும் ஆட்கள் இருப்பார்கள். கேலரியைக் களத்தின் நீண்ட பக்கத்தில் மட்டும் கட்டி, கோல் பின்புறங்களை வெறுமனே விட்டுவிட்டால் இரு தரப்புக்கும் நஷ்டமில்லை.

அளவு விஷயத்தில் அவசரப்படக் கூடாது என்பதற்கு அமெரிக்கக் கல்லூரி வரலாற்றில் ஒரு வேடிக்கையான சான்று உண்டு. அங்கே ஃபுட்பால் என்பது கையில் பந்தை ஏந்தி மோதும் வேறு ஆட்டம். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1903இல் கம்பி பின்னிய கான்கிரீட்டில் பெரிய அரங்கம் ஒன்றைக் கட்டியது. சில ஆண்டுகளில் ஆட்டத்தில் காயங்களும் சாவுகளும் பெருகவே, நெரிசலைக் குறைக்கக் களத்தை அகலப்படுத்தலாம் என்று யோசனை வந்தது. ஹார்வர்டின் கான்கிரீட் இடம் கொடுக்கவில்லை. பந்தை முன்னோக்கி எறிய அனுமதிக்கும் விதி 1906இல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கட்டடத்துக்காக ஆட்டம் வளைந்துகொடுத்தது.

திசை

களத்தின் நீள அச்சு வடக்கு தெற்காக இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பொது விதி. மாலை வெயில் கோல் கீப்பரின் கண்ணில் நேராக விழக் கூடாது என்பதே காரணம். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், சூரியன் மறையும் இடம் ஆண்டு முழுதும் நேர் மேற்கிலிருந்து வடக்கே 24 டிகிரி, தெற்கே 24 டிகிரி என்ற எல்லைக்குள்தான் நகரும். கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் வரும் டிசம்பர், ஜனவரியில் அது தென்மேற்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் இறுதியில் மாலை நாலரை மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 17 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்குக் கோலைக் காப்பவருக்குச் சற்றுத் தொல்லைதான். ஆகவே இங்கே அச்சின் தென்முனையைக் கொஞ்சம் கிழக்கே திருப்பினால் நல்லது. கேலரி மேற்குப் பக்கம் வர வேண்டும். அப்போது பார்வையாளரின் முதுகுக்குப் பின் வெயில் இருக்கும். கேலரியின் நிழல் அவர்கள் மேலேயே விழும். கிழக்குக் கேலரியில் மாலை நாலு மணிக்கு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர் கையை நெற்றிக்கு வைத்தபடியேதான் பார்க்க வேண்டும்.

நீர்

சென்னை வட்டாரத்தில் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடும். கொட்டுகிற விதம்தான் பிரச்சினை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் பதிவானது. ஒரு கால்பந்துக் களத்தில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தாலே 7 லட்சத்து 14 ஆயிரம் லிட்டர். தெருவில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அள்ளினால் அறுபது லாரி.

இந்த நீர் மண்ணுக்குள் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை அறிய எளிய சோதனை உண்டு. இரண்டு இரும்பு வளையங்கள். உள்வளையம் 30 சென்டிமீட்டர், வெளிவளையம் 60 சென்டிமீட்டர் குறுக்களவு. ஒன்றுக்குள் ஒன்றாகத் தரையில் ஒரு சாண் அளவு அடித்து இறக்கி, இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் மட்டம் இறங்குவதை ஸ்கேல் வைத்துக் கடிகாரம் பார்த்துக் குறிப்பார்கள். வெளிவளையத்து நீர் ஓரமாகக் கசிந்துவிடுவதால், உள்ளே இருக்கும் நீர் நேர் கீழாக மட்டுமே இறங்கும். களிமண் நிலத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆட்டக்காரர்களின் கால்பட்டு இறுகிய மண்ணில் அதுவும் குறையும். சுத்தமான மணலில் இதே சோதனை 150 மில்லிமீட்டரைத் தாண்டும். சிவில் துறை இருக்கும் பொறியியல் கல்லூரியில் இதை மாணவர்களே ஒரு மதியத்தில் செய்து முடிக்கலாம். ஆலோசகருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

களிமண்மேல் நேரடியாகப் புல் நட்டு, நடுவை உயர்த்தி இருபுறமும் சரித்துவிடுவது பழைய முறை. நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுத்தால் 34 மீட்டரில் 34 சென்டிமீட்டர் இறக்கம் வரும். சின்ன மழைக்கு இது போதும். அடை மழையில் ஓரங்கள் குளமாகும். கார்னர் கிக் எடுப்பவர் கணுக்கால் சேற்றில் நிற்பார். பெரிய களங்கள் எல்லாம் இன்று மணல் அடுக்கு முறைக்கு மாறியிருக்கின்றன. அடியில் களிமண்ணைச் சமன் செய்து, ஐந்து மீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்ட குழாய்களைப் பதித்து, மேலே பத்து சென்டிமீட்டர் சின்ன ஜல்லி, அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் மணல் பரப்பி, அதில் புல் வளர்ப்பார்கள்.

முப்பது சென்டிமீட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மணலில் இறங்கும் நீர் ஜல்லியைத் தொட்டதும் சடசடவென்று கீழே கொட்டிவிடும் என்றுதான் தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறு. மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகள் மெல்லிய குழாய்கள் மாதிரி வேலை செய்து, பரப்பு இழுவிசையால் நீரைப் பிடித்து நிறுத்துகின்றன. பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள சந்து 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீரைத் தாங்கும். ஜல்லியின் இடைவெளி அதைப் போல் பத்து மடங்கு பெரிது. அது ஒன்றரை சென்டிமீட்டரைத்தான் தாங்கும். ஆகவே மணலின் அடிப்பகுதியில் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தொங்கிக்கொண்டு நிற்கும். மேலும் மழை பெய்து அந்த நீர்க்கம்பத்தின் எடை கூடினால்தான் மிச்ச நீர் ஜல்லிக்குள் இறங்கும். மழை நின்றதும் மணலின் மேல்பாதி வடிந்து கெட்டிப்படும். கீழ்ப்பாதி ஈரத்தைச் சேமித்து வேருக்குக் கொடுக்கும். மணலை 15 சென்டிமீட்டரோடு நிறுத்திக் காசு மிச்சம் பிடித்தால் தொங்கும் நீர் புல்லின் கழுத்து வரை நிற்கும், களம் சதுப்பாகும். 60 சென்டிமீட்டர் போட்டால் மே மாதத்தில் வேர் நீரைத் தேடிச் சாகும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது தூசிதான். ஆற்று மணலுக்குக் கட்டுப்பாடு வந்தபின் இங்கே எல்லா வேலைக்கும் எம்-சாண்ட்தான். கருங்கல்லை உடைத்துத் தயாரிக்கும் அதில் கல்மாவு கலந்திருக்கும். நன்றாகக் கழுவாமல் கொட்டினால் அந்த மாவு சந்துகளை அடைத்து, ஓரிரு ஆண்டுகளில் மணல் அடுக்கு களிமண் மாதிரியே நடந்துகொள்ளும். ஜல்லி அளவும் முக்கியம். மணலோடு ஒப்பிட ஜல்லி மிகப் பெரிதாக இருந்தால் மணல் அதற்குள் உதிர்ந்து குழாய்வரை போய்விடும். ஜல்லியின் சிறிய துகள்கள் மணலின் பெரிய துகள்களைவிட எட்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. கட்டட வேலையில் மிஞ்சிய முக்கால் ஜல்லி இதற்கு ஆகாது.

குழாய்க்கு வந்த நீர் எங்கே போகும் என்பதே மேற்குப் புறநகரின் நிஜமான கேள்வி. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் 9,600 சதுர மீட்டர் களத்திலிருந்து நொடிக்கு 133 லிட்டர் நீர் வரும். நவம்பரில் சாலையோர மழைநீர்க் கால்வாய் ஏற்கெனவே விளிம்பு தட்டியிருக்கும்; குழாயின் வாய் அந்த மட்டத்துக்குக் கீழே இருந்தால் நீர் பின்னோக்கி வந்து களத்துக்குள் ஏறும். நான்கு மீட்டர் உயரத்துக்கு இறைக்கப் பத்து எச்.பி. மோட்டார் ஒன்று போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் அப்படி மழை கொட்டும் நேரத்தில்தான் கரண்ட் போகும். களத்தையே சுற்றுத்தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயர்த்தி, பக்கத்தில் 40க்கு 40 மீட்டர் அளவில் இரண்டு மீட்டர் ஆழக் குளம் ஒன்று வெட்டுவது நம்பகமான வழி. அந்தக் குளம் 3,200 கன மீட்டர் கொள்ளும். களத்தின்மேல் விழும் 33 சென்டிமீட்டர் மழையை அப்படியே ஏந்தும். மண் முழுவதையும் வெளியிலிருந்து சவுடாக வாங்க வேண்டியதில்லை. குளத்தில் வெட்டியதையே உயர்த்தப் போடலாம், குறைவதை மட்டும் வாங்கினால் போதும். பருவமழை தொடங்கும் முன் குளத்து மட்டத்தை இறக்கி வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நிறைந்த குளம் வெள்ளத்துக்கு உதவாது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1914இல் வேறு வழியைக் கையாண்டது. தரையைத் தோண்டி, அள்ளிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் குவித்து, அந்தக் கரைச் சரிவிலேயே இருக்கைகளைப் போட்டார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1927இல் கட்டிய, இன்று ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் கொள்ளும் அரங்கத்தின் பெரும்பகுதியும் நிலத்துக்குக் கீழேதான். கேலரிக்குத் தூண் வேண்டாம் என்பதால் செலவு மிச்சம். அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு நிலத்தடி நீர் மேலெழும்பி நிற்கும் டிசம்பர் மாதப் பூந்தமல்லியில் யாராவது பள்ளம் தோண்டினால், வட்டாரத்துக்கு இன்னொரு ஏரி கிடைக்கும்.

புல்

வெப்ப நாடுகளின் கால்பந்துக் களங்களில் பரவலாக வளர்வது பெர்முடா புல். பெயர் அன்னியமாக இருந்தாலும் ஆள் நமக்குத் தெரிந்தவர்தான்: அருகம்புல். சைனோடான் டாக்டிலான் என்ற அதே தாவரம். பிள்ளையாருக்குச் சாத்தும் புல்லும் இதுவே, வயல் வரப்பில் உழவரைப் படுத்துவதும் இதுவே. அதை ஓர் ஆப்பிரிக்க உறவுப் புல்லோடு கலந்து அமெரிக்காவின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய டிஃப்வே 419 என்ற வகை 1960இல் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் பரவலாக உள்ளது. இலை மெல்லியது, கிளைத் தண்டு தரையோடு படர்ந்து கிழிந்த இடத்தைத் தானே மூடும். விதை பிடிக்காத கலப்பினம் என்பதால் பதியன் போட்டுத்தான் பரப்ப வேண்டும். இதற்கு வெயில் தீனி. கூரை நிழல் நாளெல்லாம் விழும் மூலையில் புல் மெலிந்து, பாசி படரும். நான்கு பக்கமும் கூரையிட்ட அரங்கங்களுக்கு இது தீராத தலைவலி. மேற்கில் ஒரே கேலரி என்ற ஏற்பாட்டில் அந்தத் தொல்லை இல்லை.

மே மாதத்தில் புல் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீரை ஆவியாக விடும். 7,140 சதுர மீட்டருக்கு அது 35,700 லிட்டர். போர்வெல்லை நம்பினால் கோடையில் விடுதிக்கும் களத்துக்கும் சண்டை வரும். விடுதி மாணவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், 500 பேர் தங்கும் விடுதியிலிருந்து 54,000 லிட்டர் அளவு கழிவுநீர் வெளிவரும். சுத்திகரித்த அந்த நீரே களத்துக்குத் தாராளம். அருகம்புல் உப்பையும் ஓரளவு தாங்கும்.

செயற்கைப் புல்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்கள் புறநகர் முழுக்க முளைத்துவிட்டன. இயற்கைப் புல் வாரத்துக்குப் பத்திலிருந்து இருபது மணி நேர ஆட்டத்தைத்தான் தாங்கும்; செயற்கைப் புல்லில் இரவு பகலாக ஆடலாம். மழை நின்ற மறுநிமிடமும் ஆடலாம். ஆனால் உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் நிரப்பும் ரப்பர் துணுக்குகள் மழையோடு வாய்க்காலுக்குப் போகும். நுண்பிளாஸ்டிக் என்ற கணக்கில் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்து, மாறிக்கொள்ள எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் இருந்த செயற்கைப் புல்லையும் 2017ஆம் ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக எடுத்துவிட்டு இயற்கைப் புல்லை இட்டார்கள். கல்லூரிக்குப் பொருத்தமானது இரண்டும்தான்: ஆட்டத்துக்கு இயற்கைப் புல், தினப் பயிற்சிக்கு ஓரமாக ஒரு சின்ன டர்ஃப்.

கேலரி

முன்னால் இருப்பவரின் தலை மறைக்காமல் களத்தின் ஓரம்வரை தெரிய வேண்டும் என்பதே கேலரியின் ஒரே இலக்கணம். பின்வரிசைக்காரர் களத்தின் பக்கக் கோட்டைப் பார்க்கும் பார்வைக் கோடு, முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு எவ்வளவு மேலே போகிறது என்று அளப்பார்கள். கண்ணிலிருந்து உச்சந்தலை சுமார் 12 சென்டிமீட்டர். அந்த இடைவெளி 12 என்றால் எல்லாம் தெரியும். 9 என்றால் தலையைச் சற்று அசைத்துப் பார்க்க வேண்டும். 6க்குக் கீழே போனால் சண்டை. ஓடுபாதையையும் அதன் ஓரத்தையும் தாண்டி, முதல் வரிசை பக்கக் கோட்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி, உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படி அகலம் 80 சென்டிமீட்டர். 9 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்க முதல் படி 20 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பதினைந்தாவது வரிசைக்கு வரும்போது அது 25 ஆகிவிடும். எல்லாப் படிகளையும் ஒரே உயரத்தில் வார்த்தால் கொத்தனாருக்குச் சுலபம், மேல்வரிசைகளுக்கு முன்தலைதான் காட்சி. ஓடுபாதை இல்லாமல் முதல் வரிசை எட்டு மீட்டரில் இருந்தால் முதல் படியே 30 சென்டிமீட்டர் வேண்டியிருக்கும். தூரம் பார்வையைக் கெடுக்கிறது. படியை மட்டும் தாழ்த்திக் கொடுக்கிறது.

நூறு மீட்டர் நீளத்தில் பதினைந்து வரிசை, ஆளுக்கு 50 சென்டிமீட்டர் என்றால் 3,000 இடம். ஏறும் வழிகளுக்கு விட்டுக்கொடுத்தால் 2,700 பேர் உட்காரலாம். ஒரு கல்லூரிக்கு இதற்கு மேல் எதற்கு என்று தெரியவில்லை.

கூட்டத்தின் எடை நிற்கும் எடை மட்டுமல்ல. நிலையான நாற்காலி இல்லாத கூடத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ சுமையைத் தாங்க வேண்டும் என்று இந்தியத் தர விதி கேட்கிறது. பாட்டுக்கும் பறைக்கும் கூட்டம் சேர்ந்து குதிக்கும்போது நொடிக்கு இரண்டு மூன்று முறை தளம் அடி வாங்கும். தளத்தின் இயல்பான அதிர்வும் அதை ஒட்டி இருந்தால் ஒவ்வொரு குதிப்பும் முந்தையதோடு சேர்ந்து ஆட்டம் பெருகும். ஆகவே தளம் நொடிக்கு ஆறு அதிர்வுக்கு மேல் இருக்கும்படி விறைப்பாக அமைப்பார்கள். அவசரத்துக்குக் கட்டும் சவுக்குக் கம்பு கேலரிகளில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. கேரளத்தின் மலப்புறத்தில் 2022 மார்ச்சில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தின்போது அப்படியொரு தற்காலிகக் கேலரி சரிந்து பலர் காயமடைந்தார்கள்.

அடித்தளத்தில் மறுபடி களிமண் வருகிறது. மழையில் உப்பி, கோடையில் விரல் நுழையும் அளவு வெடிக்கும் மண்ணில் மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டால் படிகள் ஆண்டுக்கு இருமுறை ஏறி இறங்கும். இதற்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை, அடியில் குமிழ் போல விரிந்த பைல். ஈரம் மாறாத மூன்று, மூன்றரை மீட்டர் ஆழத்தில் அந்தக் குமிழ் உட்கார்ந்துகொள்ளும். மேலே மண் உப்பினாலும் தூக்க முடியாது.

கூரைக்கோ எதிர்த்திசைப் பிரச்சினை. சென்னைக்கு விதிக்கப்பட்ட அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. நூறு மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்ட, முன்பக்கம் திறந்த கூரையின் அடியில் காற்று புகுந்தால் 150 டன் அளவில் மேலே தூக்கும். தகரமும் இரும்பும் சேர்ந்த கூரையின் சொந்த எடை அதன் அருகில்கூட வராது. ஆகவே இங்கே தூண்கள் கூரையைத் தாங்குவதோடு, அது பறந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கவும் வேண்டும்.

வெளியேறுவது

1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் ஒரே படிக்கட்டில் 66 பேர். அதன்பின் பிரிட்டனில் எழுதப்பட்ட வழிகாட்டி விதிகள்தான் இன்று பல நாடுகளில் அடிப்படை: எட்டு நிமிடத்துக்குள் கேலரி காலியாக வேண்டும்; படிக்கட்டின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் நிமிடத்துக்கு 66 பேர் இறங்க முடியும். 2,700 பேருக்கு ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் படிக்கட்டு போதும் என்று வரும். ஒன்று அடைபட்டாலும் மீதி தாங்க வேண்டும் என்பதால், இரண்டு மீட்டர் அகலத்தில் நான்கு படிக்கட்டுகள். அவை இறங்கும் இடம் பூந்தமல்லி–ஆவடி சாலையை நேராகப் பார்க்காமல் வளாகத்தின் உள்சாலையில் இருக்க வேண்டும்.

விளக்கில் ஆசை அதிகம் வேண்டாம். கல்லூரி அளவிலான ஆட்டத்துக்கு 200 லக்ஸ் போதும், எல்.இ.டி. விளக்கில் சுமார் 20 கிலோவாட்டில் முடியும். உயர்நிலை ஆட்டத்துக்கான 500 லக்ஸ் என்றால் 50 கிலோவாட்டை நெருங்கும். டி.வி. ஒளிபரப்புக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். அதற்கான கம்பத்தை மட்டும் இப்போதே உறுதியாக நட்டுவைத்து, விளக்கைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். மழைக்கு மறுநாள் மாலையில் எந்த விளக்கு போட்டாலும் ஈசல் வரத்தான் செய்யும்.

இந்தப் பகுதியில் அரங்கம் கட்ட நினைக்கும் கல்லூரி நிர்வாகம் வேலையின் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. மண் சோதனை, குளம், வடிகால், மணல், புல் ஆகியவை முதல் ஆண்டில் முடியட்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதையும் அந்தக் களம் தாங்குகிறதா என்று பார்த்த பிறகு கேலரிக்கு டெண்டர் விடலாம்.